வெள்ளை வாத்தில் பழுப்புப் புள்ளி

இரண்டாயிரத்துக்குப் பிறகான ஒரு கோடை. விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில் அந்த வருடம் வெள்ளை வாத்து பொம்மைகள்தான் ஓடின. ஒருநாள் சூளையைப் பிரித்தபோது ஒவ்வொரு வாத்தின் முதுகிலும் பழுப்புப் புள்ளிகள். அம்மை போட்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவருக்கு வரவில்லை.

பொம்மைக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் கரைசலில் இரும்புத் துகள் சேர்ந்தால் சூட்டில் பழுப்பாகிவிடும். செம்மண்ணில் இரும்பு உண்டு. பொம்மைகளைக் கிளேஸில் முக்கி, வெளியே பலகையில் காயவைப்பவர் கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. அவர் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு எங்கள் கூலியில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

"செம்மண்ணு கையோட தொட்டிருக்கீங்க," என்றார் என் கணவர்.

"கையக் கழுவாம நான் எதையும் தொடறதில்லீங்க."

"நாளையிலேர்ந்து வர வேணாம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. கை பட்டுத்தான் புள்ளி விழுந்தது என்றால், பிடிக்கிற கழுத்திலும் அடியிலும் அல்லவா இருக்க வேண்டும்? முதுகில் ஏன்?

யோசித்துப் பார்த்தேன். அந்த வாத்துகள் காய்ந்தபோது வானம் மோர் நிறத்தில் இருந்தது. மேகம் இல்லை, ஆனாலும் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. காயவும் வழக்கத்தைவிடத் தாமதமானது. அந்த வாரம் குவைத்திலிருந்து என் தம்பி போனில் சொல்லியிருந்தான்: "இங்க ஒரே மண் காத்துக்கா. பட்டப்பகல்ல லைட்டு போட்டு வண்டி ஓட்டறோம். வெயிலே ஏறல."

அங்கே கிளம்புவது இங்கே வருமா? நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். பாலைவனப் புழுதி கடல்களையே தாண்டுமாம். பகலில் வெயிலை மறித்துத் தரையைக் குளிரவைக்குமாம், இரவில் தரையின் சூட்டை மேலே போகவிடாமல் பிடித்துவைக்குமாம். கடலில் விழுந்தால் புழுதியிலுள்ள இரும்பை எடுத்துக்கொண்டு நுண்பாசி செழிக்கும். அந்தப் பாசி காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். எங்கள் வாத்தைக் கெடுக்கிற அதே இரும்பு கடலுக்குச் சாப்பாடு! அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வானம் மறுபடி வெளுத்த ஒரு நாளில் நானே கையைத் தேய்த்துக் கழுவி இரண்டு வாத்துகளை முக்கினேன். ஒன்றை மொட்டை மாடியில் வைத்தேன். இன்னொன்றின் மேல் அறைக்குள் குண்டானைக் கவிழ்த்தேன். சூளையிலிருந்து வந்தபோது மூடி வைத்த வாத்து பளிச்சென்று இருந்தது. மாடி வாத்துக்கு முதுகெல்லாம் புள்ளி. அது அரபு நாட்டு மண்ணா, பக்கத்துச் சுரங்கத்து மண்ணா, ரோட்டுப் புழுதியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலேயிருந்து விழுந்தது என்பது மட்டும் நிச்சயம்.

கணவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத்துல வந்ததுதான் போல. காத்த வேலைய வுட்டு நிறுத்த முடியுமா?"

"அந்த அக்காவ மட்டும் எப்படி நிறுத்துனீங்க?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் போனார். சாயந்திரம் தனியாகத் திரும்பினார். அக்கா இப்போது சுரங்கத்தில் கூலிக்கு மண் அள்ளப் போகிறாராம். திரும்ப வரச் சொல்லி இவர் கேட்டதற்கு, தலைத்துண்டை உதறிக்கொண்டே சொன்னாராம்:

"வேணாங்க. அங்க எவ்ளோ புழுதி பறந்தாலும் ஏன்னு யாரும் என்னக் கேக்கறதில்ல."