என் பெயரைச் சொன்ன உதடுகள்

பாலக்கோடு மார்க்கெட் வாசலில் என் ஓரகத்தி என்னைத் தள்ளிவிட்டாள். அப்படித்தான் அன்று நான் நம்பினேன். போன வருடம், தக்காளி வரத்து மும்முரமாக இருந்த சமயம். சரக்கை இறக்கிவிட்டு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தேன். முதுகில் பலமாக ஒரு தள்ளு. காலிப் பெட்டிகள் மேல் குப்புற விழுந்தேன். திரும்பினால் ஸ்டெல்லா, என் கொழுந்தனார் மனைவி, மூச்சு வாங்க நிற்கிறாள். அவளை உரசினாற்போல் ஒரு கரும்பு டிராக்டர் போகிறது. ஆரன் அடித்தார்களாம், கத்தினார்களாம். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

எனக்கு இரண்டு காதிலும் ஓட்டை. சின்ன வயதிலிருந்தே சீழ் வடியும். வடியும்போதெல்லாம் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் விட்டு, கோழி இறகால் குடைவோம். கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். பிள்ளைகள் பெற்ற பிறகும் அதையேதான் செய்தேன். காது மங்க மங்கச் சந்தேகம் வளர்ந்தது. இரண்டு பேர் தணிந்து பேசினால் என்னைத்தான் பேசுகிறார்கள். சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் போன் பேசினால்கூட எதிரில் போய் உட்கார்ந்து வாயையே பார்ப்பேன்.

ஸ்டெல்லா மேல் சந்தேகம் இன்னும் அதிகம். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. தண்ணீர் முறையில் ஏற்கெனவே மனஸ்தாபம். தள்ளியது காப்பாற்றத்தான் என்று ஊரே சொன்னது. நான் நம்பவில்லை.

எங்கள் தெருவில் வாராவாரம் ஒரு வீட்டில் அன்பியம், அதாவது எங்கள் பங்கின் தெரு ஜெபக்குழு, கூடி ஜெபமாலை சொல்வோம். கடைசியில் ஒவ்வொருவராக ஒரு மன்றாட்டுச் சொல்ல, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். நான் மற்றவர்கள் வாயைப் பார்த்துச் சொல்வதால் எப்போதும் பிந்தித்தான் முடிப்பேன். டிராக்டர் சம்பவத்துக்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஸ்டெல்லா மன்றாடும்போது அவள் உதட்டில் என் பெயர் வருகிறது. உடனே எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஒரு வாரமல்ல, ஒவ்வொரு வாரமும். பாவி, கடவுள் சந்நிதியிலேயே என்னைப் பற்றிக் கோள் சொல்கிறாளே என்று வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து மாதா படத்தின் முன்னால் அழுதேன். "தாயே, அவ என்ன சொல்றான்னு ஒரே ஒரு தரம் என் காதுல வுழணும். அப்புறம் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்" என்றேன். இப்படியும் ஒரு ஜெபமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் என் ஜெபம் அதுதான்.

அடுத்த வாரமே வீட்டுக்காரர் என்னைத் தருமபுரிக்கு, காது டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ரெண்டு செவிப்பறையும் ஓட்டையா இருக்கும்மா. இனிமே எண்ணெய் ஒரு சொட்டு வுடக் கூடாது" என்று என் காதருகே கத்தினார். காதுக்கு மேலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டுவார்களாம். முதலில் ஒரு காது, அது ஆறியபின் மற்றது.

வெளியே வந்ததும், "ஏங்க, ஒரே தடவையில செஞ்சா என்னவாம்? என்னை வெச்சுத் தொழில் பழகறாங்களா?" என்றேன்.

"உன்ன மாதிரி சந்தேகப்பட்டா ஊருல ஒருத்தரும் பொழைக்க முடியாது. கம்முனு படு" என்றார்.

ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டே ஆபரேஷனுக்குப் போனேன். காதில் தண்ணீர் படாமல், மூக்கைச் சிந்தாமல் வாரக்கணக்கில் இருந்தேன். ஒருநாள் காலை, தாளிக்கும்போது கடுகு வெடித்தது. திடுக்கிட்டுப் பின்வாங்கினேன். கடுகு வெடிப்பது எனக்குக் கேட்டது! அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இன்னும் கேட்கவில்லை என்றே சொல்லிவந்தேன். அந்த வாரம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அன்பியத்துக்குப் போய், ஸ்டெல்லாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தேன். அவள் முறை வந்தது.

"ஆண்டவரே, எங்க செசிலியாக்காவுக்கு ஆபரேஷன் பண்ணியும் இன்னும் கேக்கலைன்னு சொல்றாங்க. அன்னிக்கு டிராக்டர்லருந்து காப்பாத்திக் குடுத்தீங்க. தெனமும் அவங்க பின்னாலயே நான் நடக்க முடியாதே சாமி. அந்தக் காதைத் தொறந்து வுடுங்க. ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

என் வாயும் சொல்லிவிட்டது. எல்லோரோடும் சேர்ந்து, ஓர் எழுத்துக்கூடப் பிந்தாமல். ஸ்டெல்லா சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா! கேக்குதா?" என்று எழுந்து ஓடி வந்தாள். கேட்க வைத்திருந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"இதை ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்க எதிர்ல ஒக்காந்துதானேக்கா வாராவாரம் சொல்லிட்டிருந்தேன்" என்றாள்.

இந்த வருடம் இரண்டாவது காதையும் சரிசெய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டது ஸ்டெல்லாதான். மாதாவுக்குக் கோடி நன்றி. நான் கேட்டதை அவர் அப்படியே கொடுத்தார். அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

சகோதர சகோதரிகளே, கோபத்தோடு வேண்டினாலும் பரவாயில்லை, வேண்டுங்கள். டாக்டரிடமும் போங்கள். காதில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். என் சந்தேகம் முழுசாகப் போய்விட்டது என்று சாட்சி மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினால் என் காது அங்கேதான் போகிறது. எனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார்களோ என்று ஒரு சந்தேகம்.