பச்சை முட்டை மயோனைஸ்

ஐம்பத்திரண்டு வயதில், செல்போனில் வீடியோ பார்த்துப் பச்சை முட்டையில் மயோனைஸ் செய்து, பெற்ற அப்பாவைக் கொல்லப் பார்த்தவன் நான். ஃப்ரிட்ஜில் வைத்தால் பதம் போய்விடுமென்று, எங்கள் ஊரான நகரியின் சித்திரை வெயிலில் அரை நாள் மேசைமேல் வேறு வைத்திருந்தேன். பல்லில்லாத அப்பா இட்லிக்குத் தொட்டுக்கொண்டு ஆசையாகச் சாப்பிட்டார்.

மறுநாளே பேதி, காய்ச்சல். திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டும், மூன்றாம் நாள் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. அப்போது லேபில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர், லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடி ஏறி, மூச்சிரைக்க வந்தார். அப்பாவின் ரத்தத்திலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்திருக்கிறார்.

"டாக்டர்காரு, இது சால்மொனெல்லா. நீங்க போடுற மருந்துக்கு அடங்கல. மாத்துங்க."

பச்சை முட்டையில் வரும் கிருமியாம் அது. மருந்தை மாற்றினார்கள். மாற்றிய இரண்டாம் நாள் அப்பா கண் திறந்து கஞ்சி கேட்டார். நன்றி சொல்லப் போனேன். "எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும்னு உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிக்கினே இருக்காங்க சார். நான் பாத்து சொன்னேன், அவ்ளோதான்" என்றார் அந்தப் பெண்மணி. முகம் தெரியாத அத்தனை பேரையும் மனதுக்குள் கும்பிட்டேன்.

அதை அப்பாவிடம் உருகி உருகிச் சொன்னேன். அவர் கஞ்சியை உறிஞ்சியபடி கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவங்க பண்ணட்டும்டா. நீ மட்டும் இனிமே வூட்ல ஆராய்ச்சி பண்ணாத."