ஸ்டெல்லா அக்காவின் கம்பி

காலையில் விளக்கேற்றிவிட்டுப் பால் வாங்க வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டுக் கமலா சொன்னாள்: "ஸ்டெல்லா அக்கா தூக்கத்துலயே போய்ட்டாங்கக்கா." அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. யார் கையையாவது எதிர்பார்த்துப் படுக்கையில் கிடக்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அப்படி ஒரு நாள்கூட அவர் கிடக்கவில்லை.

மாடம்பாக்கத்தில் நம் தெருக்காரர்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு தனியாகவே இருந்தார். ஐப்பசி பிறந்துவிட்டால் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, முனை வளைந்த நீளக் கம்பியோடு மழைநீர்க் கால்வாய் வாயில் அடைப்பெடுக்க வந்து நிற்பார்.

"என்னக்கா, கார்ப்பரேஷன்ல சம்பளம் குடுக்குறாங்களா?" என்று என் கணவர் கேலி செய்வார்.

"தண்ணி கார்ப்பரேஷன் வூட்டுக்கா வருது தம்பி? என் வூட்டுக்குல்ல வருது!"

ஒரு மழையில் என் வீட்டுப் பூஜை அறை வரை தண்ணீர் வந்துவிட்டது. நான் போனில் கார்ப்பரேஷன் ஆபீஸைத் திட்டினேன், பிள்ளையாரிடம் அழுதேன். அக்கா கம்பியை விட்டு இழுத்தார். முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர்கள் ஒவ்வொன்றாக வந்தன. உள்ளே அழுகிய சாமந்தி, அறுகம்புல், வில்வம். எல்லாம் என் வீட்டுப் பூக்கள். சாமிக்குப் போட்டது காலில் மிதிபடக் கூடாது, ஓடும் தண்ணீரில் சேர்க்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் நான் அந்தக் கால்வாயில் விட்டவை. வீட்டுக் கணக்கைப் பைசா விடாமல் எழுதும் எனக்கு இது மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

தேவாலயம் போகிற அக்கா அவற்றைத் தெருவில் எறியவில்லை. பக்கெட்டில் எடுத்து வைத்து, "உன்னியத் தேடிகினு உன் சாமி வூட்டுக்கே வந்துட்டாருடி" என்றார். வெட்கத்தை மீறிச் சிரித்துவிட்டேன். "நம்ம வேலைய முடிச்சுட்டுக் கும்புடு. பாதில போய் நின்னா அவருக்கும் பேஜார்."

பிறகு படியில் உட்கார்ந்து, தண்ணீர் சுழித்து இறங்குவதைப் பார்த்தபடி கறுப்புக் காப்பி குடித்தார். அந்த முகத்திலிருந்த நிறைவைக் கோயில் வாசலில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று முதல் பூக்கள் எங்கள் மாமரத்தடிக்குப் போகின்றன.

அடக்கம் முடிந்து வீட்டைப் பூட்ட வந்த அவர் மகள், "ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்றாள். கம்பியைக் கேட்டேன்.

போன வாரம் பெருமழை. தண்ணீர் முதல் படி ஏறியது. "ஆபீஸுக்குப் போன் போடட்டுமா?" என்றார் கணவர்.

"அப்புறம் போடலாம். மொதல்ல வந்து குடையப் பிடிங்க."

கம்பியில் தழையும் கிழிந்த சாக்கும் சிக்கின. முழு பலத்தோடு இழுத்தேன். உள்ளே குடுகுடுவென்று சத்தம். படியை விட்டுத் தண்ணீர் இறங்கியது. எதிரிலிருந்து கமலா கத்தினாள்: "இன்னாக்கா, கார்ப்பரேஷன்ல சேந்துட்டியா?"

ஈரப் புடவையோடு படியில் உட்கார்ந்து கறுப்புக் காப்பி குடித்தேன். கம்பி இப்போது என் வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அன்று சாயங்காலம் குளித்துவிட்டு விளக்கேற்றியபோது பிள்ளையாரிடம் எனக்கென்று கேட்க ஒன்றும் இல்லை. அக்காவுக்காக மட்டும் வேண்டிக்கொண்டேன்.