இறக்கத்தில் போன வேன்

எங்கள் பெரியப்பா கம்பெனி வேன் ஓட்டினார். காலையில் சேவூர்ப் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த பனியன் கம்பெனியில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. அம்மாவுக்கும் அங்கே செக்கிங்கில் வேலை. பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிப்போவாள். டிரைவருக்குப் பக்கத்து சீட் எனக்கு.

வழியில் வளைவே இல்லாத ஒரு நீண்ட இறக்கம் வரும். அதன் உச்சியில் பெரியப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார். டீசலை மிச்சம் பிடிக்கிறாராம். முதலாளிக்கு அது தெரியவும் தெரியாது, பெரியப்பாவுக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது. வேன் சத்தம் அடங்கி, கூடாமல் குறையாமல் ஒரே வேகத்தில் போகும். அதுவரை பிரேக்குக்கும் கியருக்கும் ஒன்றாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த தூங்கும் பெண்களின் தலைகள், அங்கே மட்டும் அசையாமல் இருக்கும். வேன் நின்றுவிட்டது, வெளியே மரங்கள்தான் பின்னால் போகின்றன என்று தோன்றும். எனக்கு அந்த இடம் பிடிக்கும். கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

“இப்ப ஆருங் பெரிப்பா வண்டியத் தள்றது?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆரும் தள்ளுல கண்ணு. நான் ரோட்டப் பாத்துட்டிருக்கறனல்லோ, அதுலயே போவுது.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் நம்பிவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்த விடுமுறையிலேயே ஒரு நாள், வழக்கம்போல உச்சியில் கியரைத் தள்ளினார். வேன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இதுதான் சமயமென்று அவர் மகனைப் பற்றிய புகாரை ஆரம்பித்தேன். அண்ணன் என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டது, கேட்டதற்குக் குட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா பதில் சொல்லவில்லை. முதுகைச் சீட்டில் சாய்த்து, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்மேல் வைத்திருந்தார். எதிர்வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கவில்லை. ஒரு ஈ கன்னத்தில் உட்கார்ந்து, மெல்ல நடந்து, கண்ணோரம் வரைக்கும் போனது. அதையும் விரட்டவில்லை.

“ஏனுங் பெரிப்பா, அண்ணனை ஒண்ணுமே கேக்க மாட்டீங்களா?”

எதிரே வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. பின்னால் பெண்கள் தூங்கினார்கள். ஒரு தலைகூட ஆடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மகனை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைத்து, நானும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறக்கம் முடிந்தால் மறுபடி கியர் விழ வேண்டும். விழவில்லை. சமதளத்தில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வேன் யாரோ கூப்பிட்டதுபோல இடப்பக்கம் ஒதுங்கி, மண்ணில் இறங்கி, ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் மோதி நின்றது. நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் அத்தனை பேரும் முன்சீட்டில் போய் இடித்துக்கொண்டார்கள். டிபன் பாக்ஸ்கள் உருண்டன.

“ஏனுங் டிரைவரண்ணா, இப்படியா பிரேக் போடறது?” என்று ஓர் அக்கா கத்தினார்.

அம்மா எழுந்து வந்து பெரியப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் தணிந்த குரலில், “மேட்டுலயே முடிஞ்சிருக்கும்மா, வண்டி அதுவா வந்திருக்கு,” என்றார். இந்த டாக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பில்தான், ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டேயிருக்க யாரும் தள்ள வேண்டியதில்லை, வேகத்தை மாற்றவும் நிறுத்தவும்தான் விசை வேண்டும் என்று டீச்சர் நடத்தினார். பஸ்ஸில் பிரேக் போட்டால் ஏன் முன்னால் விழுகிறோம் என்று கேட்டபோது வகுப்பே கை தூக்கியது. எனக்கு அந்த இறக்கம்தான் ஞாபகம் வந்தது. சரிவு முன்னால் இழுத்ததும், காற்றும் ரோடும் பின்னால் பிடித்ததும் சரிக்குச் சரியாகிவிட்டிருந்தன. அந்த வேனுக்கு ஆள் தேவைப்படவில்லை. அவ்வளவு நேரம் நான் யாரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஆனால் பெரியப்பா இறந்த அன்று மதியம் எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வீட்டு வாசலில் கூட்டம். பெரியம்மா அழவேயில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“நீதான கண்ணு கூட இருந்த? உங்க பெரிப்பா வண்டிய ஓரங்கட்டி நிறுத்திப்போட்டுத்தான போனாரு?”

“ஆமாங் பெரிம்மா. நிக்கற வரைக்கும் அவருதானுங்க ஓட்டுனாரு.”

அப்போதுதான் பெரியம்மா வாய்விட்டு அழுதார். அத்தனை பெண்களையும் காப்பாற்றிவிட்டுப் போன மனுசன் என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அம்மா என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். குனிந்து, என் காதோடு வாய் வைத்து, “ஆரு கேட்டாலும் இதையே சொல்லு கண்ணு,” என்றாள்.

நடந்ததைத்தானே சொன்னேன், அதற்கு ஏன் இவ்வளவு ரகசியம் என்று எனக்கு விளங்கவில்லை.