மைனர் விற்ற கொல்லை

வல்லத்திராக்கோட்டைச் செவந்திக்கு ஒரே ஆசைதான். சாவதற்குள் சொந்த மண்ணில் உழைத்துச் சாப்பிட வேண்டும். அதற்காகக் கண்டிச் சீமையில் பதினாறு வருஷம் அட்டைக்கடி பட்டுத் தேயிலைக் கொழுந்து பறித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஊர் திரும்பியபோது அவள் மடியில் முந்நூறு ரூபாய் இருந்தது. புருஷன் ராக்கனிடம் இருந்தது இருமல்தான்.

ஊரில் ரத்தினவேல் மூன்று ஏக்கர் கொல்லையை விற்கக் காத்திருந்தான். தகப்பனில்லாதவன். காரைமுள்ளும் சரளையும் தவிர அந்தக் கொல்லையில் ஒரு மண்ணும் விளையாது. அதைத்தான் செவந்தி மடியிலிருந்த முந்நூறுக்கும் பேசி முடித்தாள்.

புதுக்கோட்டைப் பத்திர ஆபீஸ் வாசலில், பத்திரம் எழுதும் ரெங்கசாமி பேனாவை நிறுத்தினார்.

"பையனுக்குப் பதினெட்டு முடியலையாமே! மைனர் வித்தா செல்லாதும்மா. ஆத்தாக்காரி கார்டியனா நின்னு எழுதிக் குடுத்தாத்தான் பத்திரம் நிக்கும்."

ரத்தினவேலின் தாய் ராசாத்தி, வெறுங்கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் கைநாட்டு வைக்கிறேங்க."

செவந்திக்கு வந்ததே கோபம்!

"மொத மொதன்னு மண்ணு வாங்குறேன், அதுல முண்டச்சி கை படணுமா? தள்ளிப் போடி அங்கிட்டு! இவன் பொண்டாட்டி இந்தா இடுப்புல புள்ளையோட நிக்கிறா. புள்ளை பெத்தவன் எப்புடிங்க மைனராவான்? இருவதுன்னு எழுதுங்க."

ரத்தினவேல் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். ரெங்கசாமிக்கு என்ன போயிற்று? எழுத்துக்கூலியை வாங்கிக்கொண்டு இருபது என்று எழுதினார். ராசாத்தி சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் அந்தப் புருஷன் பெண்டாட்டி பட்ட பாடு இருக்கிறதே, அதை மாடுகூடப் படாது. முள்ளை வெட்டினார்கள், சரளையைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினார்கள். ராக்கன் கிணறு வெட்ட இருமி இருமிப் பாறையை உடைத்தான். இரண்டாம் வருஷம் நாற்பதடியில் தண்ணீர் பீறிட்டது. செவந்தி கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

தண்ணீரைக் கண்டதும் ரத்தினவேலுக்குக் கண் உறுத்தியது. மைனராக இருந்தபோது எழுதிக் கொடுத்த பத்திரம் செல்லாது, கொல்லை எனக்கே வேண்டும் என்று கேஸ் போட்டான். பிறப்புப் பதிவேட்டுப்படி, பத்திரம் எழுதிய அன்று அவனுக்குப் பதினெட்டு முடிய எட்டு மாதம் குறைந்தது.

"கொல்லை போனாலும் குடுத்த பணத்தையாவது வாங்கிக் குடுங்க எசமான்," என்று கோர்ட்டில் கும்பிட்டாள் செவந்தி.

சாட்சிக் கூண்டில் ராசாத்தி ஏறினாள். "வயசு பத்தாது, நான் கைநாட்டு வைக்கிறேன்னு போய் நின்னேன் சாமி. முண்டச்சி கை ஆகாதுன்னு வெரட்டுனா. இருவதுன்னு எழுதச் சொன்னதும் இவதான்."

"உண்மையா?" என்றார் நீதிபதி.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பாவி மகள்! தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? "ஆமாங்க. நல்ல காரியத்துக்கு ஊரே சகுனம் பாக்குறதுதானுங்களே," என்றாள்.

முடிந்தது. தெரிந்தே பொய் வயது எழுத வைத்தவளுக்குப் பணம் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. கோர்ட் அமீனா வந்து கிணற்றோடு, முற்றி நின்ற கடலையோடு கொல்லையை ரத்தினவேல் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டில் ராக்கன் ரத்தமாகத் துப்பிக்கொண்டு கிடந்தான். உலையில் போட ஒரு மணி அரிசி இல்லை. என்ன செய்வாள்? மூன்றாம் நாள், தான் விதைத்த கடலையைப் பிடுங்க அதே கொல்லைக்கு நாலணாக் கூலிக்குப் போனாள்.

பொழுது சாய்ந்ததும் ரத்தினவேல் வரப்பில் மறித்தான். "மடிய உதறிக் காட்டிட்டுப் போக்கா."

உதறினாள். ராக்கனுக்கென்று முடிந்து வைத்திருந்த ஒரு பிடி கடலை கீழே கொட்டியது.

"களவுக்கு ஒரணா," என்று பிடித்துக்கொண்டு மூன்றணாவை அவள் கையில் போட்டான்.

செவந்தி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அந்தப் பயலைப் பார்த்துக் கேட்டாள்: "நாளைக்கும் வரட்டுங்களா?"