முதலில் இறங்குகிறவள்

ரோஸ்விதாவின் வலது தொடை இடதைவிட மெலிந்திருந்தது. முழங்காலில் மூன்று முறை அறுவை சிகிச்சை நடந்த கால். இருபத்தாறு வயதில் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடுவாள். பனிமலையில் இறங்க எதையும் தேடமாட்டாள்.

டிரோல் மாநிலப் பனிச்சறுக்கு அணியில் பந்தயம் ஓடியவள் இப்போது முன்னோட்டக்காரி. பந்தயத்துக்கு முன் தடத்தில் முதல் ஆளாகச் சறுக்கி, எங்கே வழுக்குகிறது, எங்கே தூக்கிப்போடுகிறது என்று மேலே காத்திருக்கும் பந்தயக்காரிகளுக்கு வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். வேகம் அதேதான், விழுந்தால் உடைகிற எலும்பும் அதேதான். பெயர் மட்டும் பட்டியலில் வராது.

அன்று காலை பயிற்சியாளர் எகோன் சொன்னார்: "இன்னிக்கு உன் நேரத்தையும் குறிக்கிறேன். ஜெயிக்கிறவளைவிட ஒரு வினாடிக்கு மேல பிந்தலேன்னா, அணியில மறுபடி இடம்."

"நிஜமாவா?"

"உன் முழங்கால் மேல சத்தியம்."

"அது மேல யாராவது சத்தியம் பண்ணுவாங்களா?"

பிடிப்புக்காக இரண்டு அளவு சின்னதாகப் போடும் பூட்ஸின் கொக்கிகளைக் கடைசி நிமிடத்தில் இறுக்கிக்கொண்டு இறங்கினாள். விரல்கள் மரத்தன. நூறு கிலோமீட்டர் வேகத்தில் குந்தியே வந்ததில் தொடைகள் எரிந்தன. காட்டு வளைவைத் தாண்டியதும் நேற்று இல்லாத ஒரு மேடு. அது அவளைத் தூக்கி வலது காலில் போட்டது. முழங்காலுக்குள் எதுவோ நழுவியது. விழாமல் வந்து சேர்ந்தாள்.

வாக்கி-டாக்கியை வாயருகே வைத்தபடி சற்று நின்றாள். சொல்லாவிட்டால் எல்லோருமே அங்கே நேரத்தை இழப்பார்கள். யாராவது விழவும் செய்வார்கள். மேலே காத்திருப்பவர்களில் பத்தொன்பது வயது உல்லியின் முழங்கால்களில் இன்னும் ஒரு தழும்புகூட இல்லை.

"காட்டு வளைவுக்கு அப்புறம் ஒரு மேடு. அது வர்றதுக்கு முன்னாடியே குதிச்சிருங்க. இடது பக்கமா ஒட்டிப் போங்க."

"கிழவி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று மேலிருந்து வாக்கி-டாக்கியில் உல்லி சிரித்தாள்.

உல்லிதான் ஜெயித்தாள். ரோஸ்விதா ஒன்று புள்ளி மூன்று வினாடி பின்னால்.

"அந்த மேட்டுலதான் நேரம் போச்சு உனக்கு," என்றார் எகோன். "நீ சொல்லலேன்னா அவங்களுக்கும் போயிருக்கும்."

"தெரியும்."

"நாளைக்கும் பந்தயம் இருக்கு. உன்னை மாதிரி தடத்தைப் படிக்க ஆள் இல்ல."

"நாளைக்கு நான் எதையும் சொல்லாம விட்டா?"

"நீயா? சொல்லிடுவே," என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.