சனிக்கிழமை முதல் ஈடு

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: திருவொற்றியூரில் எங்கள் தெரு முனையில் இட்லிக் கடை வைத்திருந்த அக்கா, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் அப்பா, குரங்கு பிடிக்க பொன்னேரிப் பக்கமிருந்து வரவழைத்த ஒருவர், நான். வராதவர் கட்டடத்து ஓனர். சொல்ல வேண்டியதை முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார். மாசக் கடைசிக்குள் குரங்குகள் போக வேண்டும். இல்லையென்றால் அவர் வாசலில் இருக்கும் கடை போக வேண்டும்.

மாடியில் குடியிருந்தவர்கள் புகார் செய்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி மூடியைத் தள்ளுகின்றன, கொடித் துணியைக் கிழிக்கின்றன என்று. பொய்யில்லை. கடை இருப்பதால்தான் வருகின்றன என்பதும் பொய்யில்லை. அக்காவுக்கு அந்த அடுப்பைத் தவிர வேறு வருமானம் கிடையாது.

"பெருசு ஒண்ணு கீது பாரு, அத்தப் புடிச்சா போதும்," என்றார் பிடிக்க வந்தவர். "தலைவன் போனா கூட்டம் கலைஞ்சிடும்."

நான் அப்போது மானிடவியல் முதுகலை இரண்டாம் வருஷம். ஆய்வேட்டுக்காக எதிர்மாடியில் உட்கார்ந்து அந்தக் குரங்குக் கூட்டத்தைத்தான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். போனவன் கடைசியில் குரங்கு பார்க்கிறான் என்பது அப்பாவுக்குத் தீராத வேடிக்கை.

"அது தலைவனே கெடியாதுண்ணே," என்றேன். "ஆம்பளைங்க இன்னிக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு வேற கூட்டம். பொறந்த எடத்துலயே கெடக்கறது பொம்பளைங்கதான். காது கிழிஞ்ச கெழவி ஒண்ணு கீதே, எந்த வூட்ல இன்னா கெடைக்கும்னு அதுக்குத்தான் தெரியும். மத்ததுங்க அது பின்னாடி வருது."

"நம்ம வூட்லயும் அதான் கதை நைனா," என்றார் அப்பா. "இத்தத் தெரிஞ்சிக்க காலேஜ் போணுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பெருசு கொட்டாவி வுடறப்ப பல்லப் பாத்துகீறியா நீ? அத்த மொதல்ல தூக்குங்க."

அந்தக் கொட்டாவி தூக்கத்தினால் வருவதல்ல. கிட்டே வருகிறவனுக்குக் கோரைப்பல்லைக் காட்டி வைப்பது. ஆனால் பல்லைக் காட்டுகிறவன்தான் தலைவன் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. வேர்க்கடலை போட்ட கூண்டில் பெருசு மாட்டிக்கொண்டது. வேனில் ஏற்றிப் போனார்கள்.

இரண்டு நாள் கடை அமைதியாக இருந்தது. அக்கா எனக்குக் கேட்கும்படியே சொன்னார், "படிச்ச புள்ள இன்னாமோ சொல்லிச்சி!"

"சனிக்கிழம வரட்டும்கா," என்றேன். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காரணம் ஒன்று இருந்தது. நாங்கள் கூடிப் பேசிய அன்று அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை; ஒருவருடைய வேண்டுதலை நாலு பேர் நடுவில் வைத்துப் பேசக்கூடாது. மகனுக்கு மஞ்சள் காமாலை தெளிந்ததிலிருந்து, சனிக்கிழமை காலையில் முதல் ஈடு இட்லியை வாழை இலையில் வைத்து, காம்பவுண்டுச் சுவரில் ஆஞ்சநேயருக்கென்று வைப்பது அக்காவின் வழக்கம்.

சனிக்கிழமை அந்தக் கிழவி வந்தது. சுவரில் ஏறி, அக்கா கையிலிருந்த இலையைப் பார்த்தபடி உட்கார்ந்தது. அதன் மகளொருத்தி முதுகு மயிரை விலக்கிப் பேன் பார்த்தாள். பிறகுதான் மற்றவை இறங்கின. இட்லிகள் மெல்லப்படாமலே கன்னப் பைக்குள் போயின. தாடை இரண்டு பக்கமும் புடைக்க, தொட்டி மேலே போய் நிதானமாகத் தின்றன. கூடவே ஒரு புது ஆண், எங்கிருந்தோ வந்த இளவட்டம், சட்னி வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடியது.

அக்கா நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். "தம்பி, இப்ப இன்னா பண்றது?"

"சனிக்கிழம வெக்கறத நிறுத்துக்கா. கடைக்கு வலை அடி."

"சாமிக்கு நேந்துகினதுடா அது! புள்ள உயிருக்கு."

"நீ குடுக்கறது ஆஞ்சநேயருக்குத்தாங்கா. வாங்கிக்கறது அந்தக் கெழவி."

அவர் என்னை முறைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அவரு கோச்சிக்க மாட்டாரா?"

"கோயிலாண்ட குடு. அங்க கையேந்தறவங்க இல்லியா?"

அடுத்த சனிக்கிழமை முதல் ஈடு தூக்குச்சட்டியில் காலடிப்பேட்டைக் கோயில் வாசலுக்குப் போனது. அதற்கு முன்பே அப்பா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இரும்புச் சட்டம் போட்டுக் கம்பி வலை அடித்தார். கிழவி அந்தச் சனிக்கிழமையும் வந்தது. வெறும் சுவரை முகர்ந்தது, வலையை விரலால் இழுத்துப் பார்த்தது, வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரமும் வந்து பார்த்தது. அதன் பிறகு அது ரயில்வே லைன் பக்கம் திரும்பியது. இளவட்டம் உட்பட எல்லாம் பின்னாலேயே போயின.

மாசக் கடைசியில் ஓனர் வந்தார். தொட்டியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், நாலு இட்லி தின்றுவிட்டுப் போனார். கடை தப்பியது.

அக்கா விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். கம்பி, வலை, ஆணி அறுநூற்று நாற்பது. அப்பா கூலி வாங்கவில்லை. "தலைவனப் புடிச்சதுக்கு ஆயிரத்தி ஐநூறு," என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஆக மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.